குவாந்தான் முதல் பாரிஸ் வரை: கம்போடியச் சிக்கலும் ஆசியான் நாடுகளின் தூதும்

தூது என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற வரலாற்றைப் பள்ளி மாணவரும் அறிவர். திருவள்ளுவர் பொருட்பாலில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். இரு வேந்தரிடையே மூளவிருக்கும் போரை விலக்குதல் பண்டைத் தூதின் பணி. இருபதாம் நூற்றாண்டில் அப்பணி மேலும் சிக்கலாயிற்று. அண்டை நாடொன்றில் ஆட்சி குலைந்து, அயற்படை புகுந்து, வல்லரசுகளும் தலையிடும்பொழுது, சுற்றியுள்ள சிறு நாடுகள் தமக்குள் ஒரு கருத்துக்கு வருவதற்கே பல தூதுகள் வேண்டியிருந்தன. பகைவரிடம் செல்லும் தூதினும் நண்பரிடையே செல்லும் தூதே கடினமானது என்பதைக் கம்போடியச் சிக்கல் மெய்ப்பித்தது.

1978ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1991ஆம் ஆண்டு வரை நீண்ட அச்சிக்கலைத் தீர்க்க, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பாகிய ஆசியான் எடுத்த முயற்சிகள் அதன் சாதனையாகப் போற்றப்படுவதுண்டு. சாதனை உண்டு, அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நோக்குவதே வரலாற்றுக் கல்விக்கு அழகு.

நினைவுச் சின்னத்தில் ஒரு மலர்வளையம்

1978ஆம் ஆண்டு அக்டோபரில் வியட்நாமியப் பிரதமர் பாம் வான் டோங் கோலாலம்பூருக்கு வந்தார். தேசிய நினைவுச் சின்னத்தின் முன் மலர்வளையம் வைத்து வணங்கினார். அவசரகாலத்தில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து நின்று உயிர் நீத்தோரையும் நினைவுகூரும் சின்னம் அது. கம்யூனிஸ்ட் நாடொன்றின் பிரதமரே அங்குத் தலைவணங்கியது பலருக்கும் வியப்பை அளித்தது. அண்டை நாடுகளின் கிளர்ச்சிக்காரர்களுக்கு வியட்நாம் துணை போகாது என்றும் அவர் உறுதி கூறினார். அடுத்த மாதமே சீனத்தின் துணைப் பிரதமர் டெங் சியாவ்பிங் பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நகரங்களுக்கு வந்தார். வியட்நாமின் நோக்கம் குறித்து எச்சரித்தார். ஆயினும் இவ்வட்டாரக் கம்யூனிஸ்ட் கட்சிகளுடன் சீனக் கட்சிக்கிருந்த உறவை விட்டுவிடுவதாக அவர் கூறவில்லை.

இரு கம்யூனிஸ்ட் நாடுகளும் போட்டியிட்டுக்கொண்டு ஆசியானின் நட்பை நாடிய காரணம் விரைவில் விளங்கிற்று. நவம்பர் 3ஆம் நாள் வியட்நாம் சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது. டிசம்பர் 25ஆம் நாள் வியட்நாமியப் படை பெருமளவில் கம்போடியாவிற்குள் புகுந்தது. 1979ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் தலைநகர் புனோம் பென் வீழ்ந்தது. ஹெங் சம்ரினைத் தலைவராகக் கொண்ட புதிய அரசு அங்கு அமைக்கப்பெற்றது.

வீழ்ந்த அரசு எத்தகையது என்பதையும் ஈண்டுக் கூறியாக வேண்டும். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் புனோம் பென்னைக் கைப்பற்றிய கெமர் ரூஜ் இயக்கம், நகர மக்கள் அனைவரையும் வயல்வெளிகளுக்குத் துரத்தியது. பணம் ஒழிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன, கற்றோர் என்பதே குற்றமாகி ஆசிரியர்கள் வேட்டையாடப்பட்டனர். தலைநகரின் உயர்நிலைப் பள்ளியொன்று துவோல் ஸ்லெங் என்னும் சித்திரவதைக் கூடமாக மாறிற்று. நான்காண்டு நிறைவதற்குள் ஏறத்தாழ 17 லட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கணக்கு. ஐந்து பேரில் ஒருவர் மாண்டார் என்று கொண்டால் அக்கொடுமையின் அளவு புலப்படும்.

ஆகவே, ஆசியான் தலைவர்களின் முன் நின்ற வினா எளிதானதன்று. படையெடுத்த நாடு அண்டை நாட்டின் இறையாண்மையை மீறியிருந்தது. வீழ்த்தப்பட்ட அரசோ தன் மக்களையே அழித்திருந்தது. இவ்விரண்டில் எதனை முதற்கண் கண்டிப்பது?

ஒரு குரலும் ஐந்து உள்ளங்களும்

1979ஆம் ஆண்டு ஜனவரி 12, 13ஆம் நாள்களில் ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் பாங்காக்கில் அவசரமாகக் கூடினர். கம்போடியாவில் நிகழ்ந்த ஆயுதத் தலையீட்டிற்கு வருத்தம் தெரிவித்தனர். அயற்படைகள் வெளியேற வேண்டும், கம்போடிய மக்கள் தம் வருங்காலத்தைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். வெளியே கேட்டது ஒரே குரல். அதன் பின்னே இருந்தவை ஐந்து உள்ளங்கள்.

தாய்லாந்துக்குக் கம்போடியாவுடன் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லை உண்டு. பல நூற்றாண்டுகளாகச் சயாமியருக்கும் வியட்நாமியருக்கும் நடுவே கம்போடியா ஒரு தடுப்பாக இருந்து வந்தது. அத்தடுப்பு மறைந்து, வியட்நாமியப் படை வாசற்படியிலேயே வந்து நின்றபொழுது பாங்காக் அஞ்சியதில் வியப்பில்லை. அவ்வச்சம் தாய்லாந்தைச் சீனத்தின் பக்கம் சாய்த்தது. சீனம் அனுப்பிய ஆயுதங்கள் தாய்லாந்தின் வழியே கெமர் ரூஜ் படைகளைச் சென்றடைந்தன.

சிங்கப்பூருக்குக் கம்போடியா அருகில் இல்லை. ஆயினும், பெரிய நாடொன்று சிறிய அண்டை நாட்டின் அரசைப் படை கொண்டு மாற்றுவதை உலகம் ஒருமுறை ஏற்றுக்கொண்டால், நாளை எந்தச் சிறு நாட்டுக்கும் பாதுகாப்பில்லை என்று அத்தீவுக் குடியரசு கருதிற்று.

இந்தோனேசியாவின் நோக்கு வேறு. டச்சுக்காரரை எதிர்த்து ஆயுதமேந்தி விடுதலை பெற்ற அந்நாடு, பிரெஞ்சுக்காரரை எதிர்த்து அவ்வாறே போராடிய வியட்நாமைத் தன் உடன்பிறப்பாக எண்ணியது. 1965ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்குப்பின் அது அஞ்சியது சீனத்தையே. 1967இல் முடங்கிய சீன உறவு 1990ஆம் ஆண்டில்தான் மீண்டும் மலர்ந்தது. ஆகவே வியட்நாமை நலிவடையச் செய்வது சீனத்துக்கு வழிவிடுவதாகும் என்று ஜகார்த்தா கருதிற்று.

மலேசியா 1974ஆம் ஆண்டிலேயே சீனத்துடன் தூதரக உறவு கொண்டிருந்தது. எனினும் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் வானொலி சீனத்திலிருந்து ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தோனேசியாவின் அச்சம் மலேசியாவுக்கும் ஓரளவு இருந்தது. வியட்நாமிலிருந்து படகுகளில் வந்த அகதிகளின் சுமையும் சேர்ந்தது. 1978 நவம்பரில் ஹாய் ஹோங் என்னும் பழைய கப்பல் ஏறத்தாழ 2,500 அகதிகளுடன் கிள்ளான் துறைமுகத்திற்கு வெளியே வந்து நின்றது. திரங்கானுக் கடலில், ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள பீடோங் தீவில் 1979ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். வியட்நாமைப் பகைத்தால் இச்சுமை குறையாது என்பதும் கோலாலம்பூரின் கணக்கில் இருந்தது.

பிலிப்பீன்ஸ் களத்திலிருந்து தொலைவில் இருந்தது. பொதுக் கருத்தோடு ஒத்துச் சென்றது. இவ்வாறு, ஒரு நாட்டின் அச்சம் மற்றொரு நாட்டின் அச்சத்தோடு பொருந்தாத நிலையில்தான் அக்குரலை ஒன்றாக வைத்திருக்க வேண்டியிருந்தது.

ஐ.நா. மன்றத்தில் ஓர் இருக்கை

1979ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் சீனப் படை வியட்நாமின் வட எல்லையைத் தாக்கி, மார்ச்சு மாதத்தில் திரும்பிற்று. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் கொண்டுவரப்பட்ட தீர்மானங்கள் சோவியத் ஒன்றியத்தின் தடுப்பு வாக்கினால் வீழ்ந்தன. ஆகவே ஆசியான் நாடுகள் பொதுப்பேரவையை நாடின. அங்கு எழுந்த முதல் வினா, கம்போடியாவின் இருக்கை யாருக்கு என்பதே.

1979ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. வீழ்த்தப்பட்ட ஜனநாயகக் கம்பூச்சிய அரசுக்கே இருக்கை என்பதற்கு 71 நாடுகள் ஆதரவளித்தன. 35 நாடுகள் எதிர்த்தன. 34 நாடுகள் வாக்களிக்கவில்லை. நவம்பர் 14ஆம் நாள், அயற்படைகள் வெளியேற வேண்டுமென்னும் ஆசியான் தீர்மானம் 91 வாக்குகள் பெற்று நிறைவேறிற்று. அதே செப்டம்பரில் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு அவ்விருக்கையை யாருக்கும் தராமல் வெறுமையாக விட்டிருந்தது. வெற்றிருக்கை என்னும் வழி இருந்தும் ஐ.நா. பேரவை அதனை மேற்கொள்ளவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வாதப் போரில் முன்னணியில் நின்றவர்களுள் இருவர் தமிழர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் 1980ஆம் ஆண்டு வரை சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சராக இருந்தார். அவருக்குப்பின் எஸ். தனபாலன் 1988ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பை வகித்தார். ஓர் அரசு கொடியது என்பதற்காக அண்டை நாட்டுப் படை அதனை அகற்றிவிட்டு, தான் விரும்பும் அரசை நிறுவலாகாது என்பதே சிங்கப்பூர் முன்வைத்த வாதத்தின் சாரம். கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமையை அவர்கள் மறுக்கவில்லை. கொடுமையைக் கண்டிப்பதும் படையெடுப்பை ஏற்பதும் வெவ்வேறு என்றனர்.

இவ்வாதத்தை எல்லாரும் ஏற்கவில்லை. 1979ஆம் ஆண்டிலேயே தான்சானியப் படை உகாண்டாவின் கொடுங்கோலன் இடி அமீனை வீழ்த்தியபொழுது உலகம் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. கம்போடியாவுக்கு மட்டும் வேறு நீதியா என்று கேட்டோர் உண்டு. இந்தியா 1980 ஜூலையில் ஹெங் சம்ரின் அரசை ஏற்றுக்கொண்டது. தான்சானியாவின் பின்னே ஒரு வல்லரசு நிற்கவில்லை. வியட்நாமின் பின்னே சோவியத் ஒன்றியம் நின்றது. இவ்வேறுபாடு ஆசியான் தரப்பின் விடையாயிற்று. அவ்விடையில் உண்மை இருந்தது. ஆனால் கொலையுண்ட மக்களின் உறவினர்க்கு அவ்விடை ஆறுதலாக இருந்திருக்க இயலாது.

குவாந்தான் கருத்து

1980ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் மலேசியப் பிரதமர் உசேன் ஓனும் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவும் பகாங் மாநிலத்தின் குவாந்தான் நகரில் சந்தித்தனர். அச்சந்திப்பில் உருவான கருத்தே பின்னர்க் ‘குவாந்தான் கொள்கை’ எனப் பெயர் பெற்றது. வியட்நாம் சீனத்தின் அழுத்தத்திலிருந்தும் சோவியத் ஒன்றியத்தின் பிடியிலிருந்தும் ஒருங்கே விடுபட வேண்டும். அதற்கு, வியட்நாமுக்கும் தன் பாதுகாப்பு குறித்து நியாயமான அக்கறைகள் உண்டு என்பதை ஆசியான் ஏற்க வேண்டும். போரினாலன்றிப் பேச்சினால் தீர்வு காண வேண்டும் என்பது அதன் சுருக்கம்.

நெடுநோக்குடைய கருத்து அது. பகைவனைச் சுவரோடு சுவராக நெருக்கினால் அவன் தன் காவலனை மேலும் இறுகப் பற்றிக்கொள்வான் என்னும் உலகியல் அதில் இருந்தது. ஆயினும் இருவர் கூடி முடிவு செய்ததை மூவர் ஏற்க வேண்டியிருந்தது. வியட்நாமுக்குக் கம்போடியாவில் நியாயமான அக்கறை உண்டு என்று ஒப்புவது, படையெடுப்பையே ஒப்புவதாகும் எனத் தாய்லாந்தும் சிங்கப்பூரும் கருதின. அவ்வாண்டு மார்ச்சில் பதவியேற்ற தாய்லாந்துப் பிரதமர் பிரேம் தின்சுலானந்தா, தம் எல்லையில் படை நிற்கும்பொழுது அக்கருத்தை ஏற்கும் நிலையில் இல்லை.

நாள்கள் சென்றன. 1980ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் வியட்நாமியப் படையினர் எல்லை கடந்து தாய்லாந்தின் நோன் மாக் முன் பகுதியைத் தாக்கினர். அதற்கு இரு நாள் கழித்துக் கோலாலம்பூரில் ஆசியான் வெளியுறவு அமைச்சர்களின் ஆண்டுக் கூட்டம் தொடங்கிற்று. அக்கூட்டத்தில் குவாந்தான் கருத்தைப் பற்றிப் பேச இடமில்லாமற் போயிற்று. கண்டன அறிக்கையே வெளிவந்தது. குவாந்தானில் நட்ட செடியை வியட்நாமின் துப்பாக்கியே சாய்த்தது எனலாம்.

மலேசியாவும் இந்தோனேசியாவும் இதன்பின் செய்தது குறிப்பிடத்தக்கது. தம் கருத்து சரியானது என்று எண்ணியபோதிலும், அவை தனி வழி செல்லவில்லை. ஆபத்தின் முகப்பில் நிற்கும் உறுப்பு நாட்டின் கருத்துக்கு மற்றவர் இடங்கொடுக்க வேண்டும் என்னும் வழக்கம் இதனால் வேரூன்றிற்று. தாய்லாந்தை முன்னணி நாடு என அழைத்து, அதன் நிலையையே பொது நிலையாகக் கொண்டனர். ஒற்றுமை காக்கப்பட்டது. பேச்சுக்கான கதவு ஏழாண்டு காலம் ஒடுங்கிக் கிடந்தது.

கோலாலம்பூர் உடன்படிக்கை

1981ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் கம்பூச்சியா பற்றிய அனைத்துலக மாநாடு கூடிற்று. வியட்நாமும் சோவியத் ஒன்றியமும் அதனைப் புறக்கணித்தன. வியட்நாமியப் படை வெளியேறியபின் கெமர் ரூஜ் உட்பட எல்லாக் குழுக்களின் ஆயுதங்களும் களையப்பட வேண்டும். இடைக்கால நிருவாகம் ஒன்றின் கீழ்த் தேர்தல் நடைபெற வேண்டும் என்பது ஆசியான் நாடுகளின் வரைவு. கொலைகாரர் மீண்டும் ஆட்சியேறாமல் தடுக்கும் வழி அது. சீனம் அதனை எதிர்த்தது. அமெரிக்கா சீனத்தின் பக்கம் நின்றது. இறுதியில், ஆயுதக் குழுக்கள் தேர்தலைக் குலைக்காதவாறு தக்க ஏற்பாடுகள் செய்யப்படும் என்னும் மெலிந்த தொடரே எஞ்சிற்று. சிறு நாடுகளின் தூது வல்லரசுகளின் வாசலில் எவ்வளவு தேய்கிறது என்பதற்கு இது சான்று.

கெமர் ரூஜ் மட்டுமே அமர்ந்திருக்கும் இருக்கைக்கு உலக நாடுகளின் ஆதரவு நீடிக்காது என்பதை ஆசியான் தலைவர்கள் உணர்ந்திருந்தனர். எனவே மூன்று எதிர்ப்புக் குழுக்களையும் ஓரணியில் சேர்க்கும் முயற்சி தொடங்கிற்று. முன்னாள் மன்னர் நொரோடம் சிகானுக், முன்னாள் பிரதமர் சொன் சான், கெமர் ரூஜ் தரப்பின் கியூ சம்பன் ஆகிய மூவரும் 1981 செப்டம்பரில் சிங்கப்பூரில் சந்தித்தனர். பல மாதப் பேரத்திற்குப்பின் 1982ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் கோலாலம்பூரில் கூட்டணி அரசு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். சிகானுக் தலைவரானார், சொன் சான் பிரதமரானார், கியூ சம்பன் வெளியுறவுப் பொறுப்பு வகிக்கும் துணைத் தலைவரானார்.

இவ்வுடன்படிக்கையில் மூவரும் தத்தம் படையைத் தாமே வைத்துக்கொண்டனர். கூட்டணி நடைபெற இயலாமற் போனால் இருக்கை மீண்டும் ஜனநாயகக் கம்பூச்சியாவுக்கே உரியதாகும் என்னும் ஏற்பாடும் அதில் இருந்தது. கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் அரண்மனையில் காவலில் வைக்கப்பட்டுத் தம் பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பலரை இழந்தவர் சிகானுக். அவர் அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து கையெழுத்திட்டார். நாட்டை மீட்க வேறு வழியில்லை என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆயினும் அக்காட்சியை நினைக்கும் எவர்க்கும் நெஞ்சம் கனக்கும்.

உடன்படிக்கை அரசியல் நோக்கில் பயன் தந்தது. 1982ஆம் ஆண்டில் ஐ.நா. இருக்கைக்கு 90 நாடுகள் ஆதரவளித்தன. எதிர்ப்பு 29ஆகக் குறைந்தது. படை விலக்கத் தீர்மானம் 105 வாக்குகள் பெற்றது. 1989ஆம் ஆண்டில் அத்தொகை 124 ஆயிற்று. பத்தாண்டுக் காலம் ஓர் ஆண்டும் தளராமல் நாடு நாடாகச் சென்று ஆதரவு திரட்டிய தூதர்களின் உழைப்பு அவ்வெண்களில் அடங்கியுள்ளது.

ஜகார்த்தா காட்டிய வழி

களத்தில் போர் ஓயவில்லை. 1984-85ஆம் ஆண்டு வறட்சிப் பருவத்தில் வியட்நாமியப் படை எல்லையோர முகாம்களைத் தகர்த்தது. இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் தாய்லாந்துக்குள் ஓடினர். இதனிடையே மலேசியா சில வழிகளைத் தேடிற்று. 1983ஆம் ஆண்டில் வெளியுறவு அமைச்சர் கசாலி ஷாபி, ஆசியான் ஐவரும் வியட்நாம், லாவோஸ் இருவரும் பேசலாம் என்றார். 1985ஆம் ஆண்டில் தெங்கு அகமது ரித்தாவுதீன், கம்போடியத் தரப்பினர் நேருக்கு நேர் அமராமல் நடுவர் வழியே பேசலாம் என்றார். முன்னது சீனத்துக்கும் தாய்லாந்துக்கும் உவப்பாக இல்லை. பின்னதும் நிறைவேறவில்லை. ஆயினும் பேச்சு என்னும் சொல்லை அவை உயிரோடு வைத்திருந்தன.

காலம் மாறிற்று. 1986 ஜூலையில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் விளாடிவாஸ்டாக் நகரில் ஆற்றிய உரை சீனத்துடன் இணக்கம் நாடும் புதிய போக்கைக் காட்டிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வியட்நாமும் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கிற்று. போரின் செலவு அதற்குத் தாங்கொணாததாகியிருந்தது.

இத்தருணத்தை இந்தோனேசியா நழுவவிடவில்லை. வெளியுறவு அமைச்சர் மொக்தார் குசுமாத்மாஜா 1987 ஜூலையில் வியட்நாமிய வெளியுறவு அமைச்சர் நுயென் கோ தாக்குடன் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். இது கம்போடியருக்குள் நடக்கும் உள்நாட்டுச் சண்டை என்று வியட்நாம் சொல்லி வந்தது. வியட்நாமே முதல் தரப்பு என்று ஆசியான் சொல்லி வந்தது. யார் யாருடன் அமர்வது என்பதே எட்டாண்டாகத் தீராத வழக்கு. முதலில் கம்போடியத் தரப்பினர் மட்டும் முறைசாராமல் கூடட்டும். பின்னர் வியட்நாமும் மற்றவரும் வந்து சேரட்டும் என்றார் மொக்தார். விருந்தொன்றில் முதலில் சிலரும் பின்னர்ப் பலரும் வந்து கலப்பதைப்போன்ற இவ்வேற்பாட்டில் இரு தரப்பும் தத்தம் கொள்கை காக்கப்பட்டதாகக் கருதலாம். 1987 டிசம்பரில் சிகானுக்கும் புனோம் பென் அரசின் பிரதமர் ஹுன் சென்னும் பிரான்சில் சந்தித்தது வழியை மேலும் செவ்வைப்படுத்திற்று.

1988 ஜூலையில் போகோரில் முதல் ஜகார்த்தா முறைசாராக் கூட்டம், புதிய வெளியுறவு அமைச்சர் அலி அலாதாஸின் தலைமையில் நடந்தது. கம்போடியாவின் நான்கு தரப்பினரும் வியட்நாமும் லாவோசும் ஆசியான் நாடுகளும் ஒரே இடத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை. இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன: வியட்நாமியப் படை விலக வேண்டும், போல் போட் ஆட்சியின் இனப்படுகொலை மீண்டும் நிகழாமல் தடுக்கப்பட வேண்டும். 1979ஆம் ஆண்டில் ஆசியானை வருத்திய இரட்டை வினாவுக்கு ஒன்பதாண்டு கழித்து ஒரே வாக்கியத்தில் விடை காணும் முயற்சி அது.

பாரிஸ் உடன்படிக்கையும் பின்னும்

1988 ஆகஸ்டில் தாய்லாந்தின் பிரதமரான சத்திசாய் சுன்ஹவான், போர்க்களங்களைச் சந்தைக்களங்களாக்க வேண்டும் என்றார். அடுத்த ஜனவரியில் ஹுன் சென்னைப் பாங்காக்கில் வரவேற்றார். முன்னணி நாடே நிலை மாறியது கண்டு மற்ற உறுப்பு நாடுகள் திகைத்தன. 1989 ஜூலை இறுதியில் பிரான்சும் இந்தோனேசியாவும் இணைந்து தலைமையேற்ற பாரிஸ் மாநாடு ஒரு மாதம் நடந்தும் பயன் தரவில்லை. செப்டம்பரில் வியட்நாம் தன் படையைத் திரும்பப் பெற்றது. இதன்பின் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் ஐந்து நிரந்தர உறுப்பினரே தீர்வுக்கான வரைவைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். 1990 செப்டம்பரில் ஜகார்த்தாவில் கம்போடியத் தரப்பினர் அதனை ஏற்றனர். 1991ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அவ்வுடன்படிக்கையில் இனப்படுகொலை என்னும் சொல் இடம்பெறவில்லை. கடந்த காலக் கொள்கைகளும் செயல்களும் திரும்பி வரலாகாது என்னும் பொருள்பட்ட தொடரே இருந்தது. கெமர் ரூஜ் தரப்பும் கையெழுத்திட வேண்டியிருந்தமையால் மெய்ச்சொல் மறைக்கப்பட்டது.

1992-93ஆம் ஆண்டுகளில் ஐ.நா. இடைக்கால ஆணையம் கம்போடியாவில் பணியாற்றிற்று. ஏறத்தாழ 22,000 பேர் கொண்ட அப்பணியில் மலேசிய, இந்தோனேசியப் படையினரும் சிங்கப்பூர்க் காவல் துறையினரும் இருந்தனர். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் எல்லை முகாம்களிலிருந்து ஊர் திரும்பினர். 1993 மே மாதத்தில் நடந்த தேர்தலைக் கெமர் ரூஜ் புறக்கணித்து மிரட்டியபோதிலும், பதிவு செய்த வாக்காளருள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாக்களித்தனர்.

1995 ஜூலையில் வியட்நாம் ஆசியானில் உறுப்பியம் பெற்றது. 1997 ஜூலையில் புனோம் பென்னில் மீண்டும் சண்டை மூண்டதால் கம்போடியாவின் சேர்க்கை தள்ளிவைக்கப்பட்டது. இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் தூது சென்றனர். தேர்தலுக்குப்பின் 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஹனோய் நகரில் கம்போடியா உறுப்பு நாடாயிற்று. எந்த நாட்டின் படையெடுப்பை எதிர்த்து இருபதாண்டுக்கு முன் பாங்காக்கில் கூடினரோ, அந்நாட்டின் தலைநகரிலேயே அவ்விழா நடந்தது.

வரவும் செலவும்

இவ்வரலாற்றின் வரவு என்ன? படை கொண்டு அண்டை நாட்டை ஆள்வது நிலைக்காது என்னும் நெறி காக்கப்பட்டது. மாறுபட்ட அச்சங்கள் கொண்ட நாடுகள் பிரிந்து போகாமல் ஒன்றாக நின்று பழகின. பகைவனாயிருந்தவன் உறவினனாகும் வழி திறந்தது. குவாந்தானில் கூறப்பட்டு அன்று ஏற்கப்படாத கருத்தின் சாரம், வியட்நாமுக்கும் மதிப்பான இடம் தர வேண்டும் என்பது, 1995ஆம் ஆண்டில் நடைமுறையாயிற்று.

செலவு என்ன? 1982ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கையெழுத்திட்ட மூவருள் ஒருவரான கியூ சம்பனுக்குக் கம்போடியாவின் சிறப்பு நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை விதித்தது. 2018ஆம் ஆண்டில் இனப்படுகொலைக் குற்றத்தையும் உறுதி செய்தது. 2022ஆம் ஆண்டில் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. உலக அரங்கில் கம்போடியாவின் பெயரால் பேசியவர் யார் என்பதற்கு அத்தீர்ப்புகள் விடை கூறின. வெற்றிருக்கை என்னும் ஹவானா வழியை ஆசியான் தேர்ந்திருந்தால் நெறியும் குலைந்திராது, கொலைகாரர்க்கு மதிப்பும் கிடைத்திராது என்று வாதிடுவோர் உளர். வெற்றிருக்கையானால் வியட்நாமின் வெற்றி நிலைபெற்றிருக்கும் என்று மறுப்போரும் உளர். வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. 2019ஆம் ஆண்டில் பிரேம் தின்சுலானந்தாவின் மறைவையொட்டிச் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங், வியட்நாமின் படையெடுப்பை ஆசியான் எதிர்த்ததை நினைவுகூர்ந்தபொழுது, வியட்நாமும் கம்போடியாவும் மறுப்புத் தெரிவித்தன. படையெடுப்பு என்று ஒருவர் சொல்வதை விடுதலை என்று மற்றவர் சொல்கின்றனர்.

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் மியன்மாரில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியபின், ஏப்ரல் 24ஆம் நாள் ஜகார்த்தாவில் ஆசியான் தலைவர்கள் ஐந்து அம்ச இணக்கத்தை வெளியிட்டனர். அன்றும் எழுந்தவை பழைய வினாக்களே. யாரை மேசைக்கு அழைப்பது, யாருடைய இருக்கையை வெறுமையாக விடுவது, உறுப்பு நாடுகளின் வேறுபட்ட நோக்குகளை எவ்வாறு ஒன்றாக்குவது என்னும் அவ்வினாக்கள், கம்போடிய வரலாற்றைக் கற்றவர்க்குப் புதியனவல்ல.

ஆசிரியர்கள் இவ்வரலாற்றைக் கற்பிக்கும்பொழுது மாணவர்கள் முன் ஒரு கணக்கை வைக்கலாம். புனோம் பென் வீழ்ந்தது 1979 ஜனவரியில். கம்போடிய மக்களின் விருப்பம் என்ன என்று வாக்குச்சீட்டின் வழியே கேட்கப்பட்டது 1993 மே மாதத்தில். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளும் அம்மக்களின் பெயரால் பாங்காக்கிலும் நியூயார்க்கிலும் கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் பாரிசிலும் பேசப்பட்டது. பேசியோருள் நல்லெண்ணம் உடையோர் பலர். ஆயினும் கேட்கப்பட வேண்டியவர் இறுதியாகவே கேட்கப்பட்டனர். தூதின் வெற்றியைப் போற்றும் பாடத்தில் இந்தப் பதினான்கு ஆண்டுகளும் இடம்பெறுமானால், அப்பாடம் நிறைவுடையதாகும்.